லூட்டினும் கண் நலமும்: கொழும்பில் முதல் உணவாய்வைச் செய்யப் போகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போசணைவியலில் பட்டம் முடித்து, உணவுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் புறப்படும் இளம் ஆய்வாளர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தத் துறைக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் கண்ணை அளக்கும் கருவியில் தொடங்குவார்கள். அடுத்து இரத்தப் பரிசோதனைக்குப் பணம் தேடுவார்கள். உணவு வினாக்கொத்தைக் கடைசி வாரத்தில் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள். முடிவில் கண் அளவு துல்லியமாக இருக்கும், இரத்த அளவும் துல்லியமாக இருக்கும், ஆள் என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் தட்டு முதலில் வருகிறது, கண் பிறகு.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வு இதுதான்: கொழும்பில் வாழும் தமிழ் பேசும் நடுத்தர வயதினர் உணவில் பெறும் லூட்டின், சியாசாந்தின் அளவுக்கும் அவர்களுடைய விழித்திரை மஞ்சட் பொட்டு நிறமியின் அடர்த்திக்கும் தொடர்பு உண்டா? லூட்டினும் சியாசாந்தினும் கீரை போன்ற உணவுகளிலுள்ள மஞ்சள் நிறமிகள். கூரிய பார்வைக்கான விழித்திரையின் நடுப்பகுதியான மஞ்சட் பொட்டில் சேர்ந்து அதன் நிறமியாக இருப்பவையும் இவைதான். உங்கள் கேள்வி வேறாக இருந்தாலும் படிகளின் ஒழுங்கு மாறாது.

1. கேள்வியை ஒரு வசனத்துக்குள் கொண்டுவாருங்கள்

“போசணையும் கண் ஆரோக்கியமும்” என்பது தலைப்பு, கேள்வி அல்ல. எந்தப் போசணைப் பொருள், கண்ணில் எந்த அளவீடு, யாரில், எந்தக் காலப்பகுதியில் என்ற நான்கும் ஒரே வசனத்தில் வந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

இங்கே முதலில் பிரிக்க வேண்டியவை இரண்டு விடயங்கள். விற்றமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண், வெண்விழியில் நுரை போலத் தெரியும் பிட்டொற் புள்ளி, கருவிழி உலர்ந்து போவது எல்லாம் ஒரு பக்கம். வயதோடு வரும் மஞ்சட் பொட்டுச் சிதைவு, கண்புரை இன்னொரு பக்கம். முதலாவதில் ரெட்டினோலும் (விற்றமின் ஏ இன் ஒரு வடிவம்) உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினும் முக்கியம். இரண்டாவதில் லூட்டினும் சியாசாந்தினும் பேசப்படுகின்றன. லூட்டினும் சியாசாந்தினும் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. இதை மறந்து, பீற்றா கரோட்டின், லூட்டின் எல்லாம் ஒரே நிறமிக் குடும்பம் என்பதால் எல்லாவற்றையும் “கரோட்டினொயிட்டு” என்று ஒரே கூடையில் போட்ட முன்மொழிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரட் கண்ணுக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கரட்டில் பீற்றா கரோட்டின் அதிகம், லூட்டின் குறைவு. லூட்டின் பற்றிய ஆய்வென்றால் உங்கள் கண் கடும்பச்சைக் கீரை, முட்டை மஞ்சட்கரு, சோளம் ஆகியவற்றின் மேல் இருக்கவேண்டும்.

முன்னைய பெரிய ஆய்வுகளை வாசிக்கும்போது அவை யாரில் செய்யப்பட்டன என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 2013 இல் வெளியான ஏரெட்ஸ்-2 (AREDS2) என்ற கண் நோய்க் குளிசை ஆய்வில் 50 முதல் 85 வயது வரையான 4,203 பேர் இருந்தார்கள். எல்லோரும் மஞ்சட் பொட்டுச் சிதைவு முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்தில் இருந்த அமெரிக்கர்கள். 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. சியாசாந்தினும் முந்திய ஏரெட்ஸ் ஆய்வின் விற்றமின், கனிமக் கலவையோடு சேர்த்துக் கொடுத்தபோது, மொத்தக் குழுவில் மேலதிகப் பலன் தெரியவில்லை. ஆனால் உணவில் இவற்றை மிகக் குறைவாகப் பெற்றவர்களைத் தனியே பார்த்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. உணவை ஒழுங்காக அளந்திருந்தபடியால்தான் அந்தக் கேள்வியையே அவர்களால் கேட்க முடிந்தது. உங்கள் முன்மொழிவில் உணவு அளவீட்டுக்கு ஏன் இவ்வளவு நேரமும் பணமும் என்று மேற்பார்வையாளர் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

2. புள்ளிவிபரவியலாளரை இப்போதே சந்தியுங்கள்

தரவெல்லாம் சேர்த்து முடித்துவிட்டு “இதை என்ன செய்யலாம்?” என்று அவரிடம் போவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எத்தனை பேர் தேவை, ஒருவரிடம் எத்தனை நாள் உணவைக் கேட்கவேண்டும் என்ற இரண்டையும் அவரோடு இருந்து முடிவு செய்தால்தான் செலவுத் திட்டமே எழுதலாம்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முன்னைய ஆய்வுகளில் மஞ்சட் பொட்டு நிறமி அடர்த்தியின் சராசரி, நியம விலகல் என்ன என்று எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

3. அனுமதிகள்: எது முன், எது பின்

முதலில் ஆய்வு நெறிமுறைக் குழு. கின்சி வீதியில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடங்களில் இதற்கான குழுக்கள் உண்டு. நீங்கள் எந்த நிறுவனத்தோடு இணைந்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று மேற்பார்வையாளர் சொல்வார். கண் வைத்தியசாலை ஒன்றில் அளவீடு செய்வதென்றால் அந்த வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி வேறு. நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பதால் வைத்தியசாலைக் கதவு தானாகத் திறக்காது.

தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தேவைப்படும். தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். எழுதியதைக் கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ ஒரு வீட்டில் உரத்து வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் இடையில் “என்னது?” என்று கேட்ட இடமெல்லாம் திரும்ப எழுதவேண்டிய இடம்.

ஆட்களுக்கு லூட்டின் குளிசையோ கீரைக் கஞ்சியோ கொடுத்து மாற்றத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அது தலையீட்டு ஆய்வு. முதல் ஆளைச் சேர்க்க முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டில் பதிந்திருக்கவேண்டும். பின்னர் பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் ஏற்பது கடினம். உடல்நலத் தகவலைச் சேர்ப்பதால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்துவிட்டு, பெயர்ப் பட்டியலையும் தரவையும் வேறு வேறு கோப்பில் வையுங்கள். பெயரும் ஃபோன் இலக்கமும் உள்ள எக்செல் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

4. உணவுப் பட்டியலைச் சந்தையில் தொடங்குங்கள்

வேறு நாட்டு வினாக்கொத்தைக் கொண்டுவந்தால் அதில் புரோக்கொலியும் கேலும் இருக்கும், வல்லாரை இருக்காது. இந்தியாவில் செய்ததைக் கொண்டுவந்தால் கொஞ்சம் கிட்ட வரும், ஆனால் மல்லுங்கும் (நறுக்கிய கீரையைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்துச் செய்யும் கறி) சோற்றுப் பார்சலும் இருக்காது. ஆகவே பட்டியலை நீங்களே கட்டவேண்டும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பொரளை ஆகிய மூன்று சந்தைகளுக்கும் காலை வேளையில் போங்கள். மூன்றுக்கும் ஏன் போகவேண்டும் என்றால், வாங்குபவர்கள் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள் என ஒவ்வொரு சாராரின் சமையலும் ஒவ்வொரு விதம். பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், பசளி, முருங்கையிலை, அகத்தி, சிவப்புக் கீரை எல்லாவற்றிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி, வெள்ளைத் தாளில் விரித்துப் படம் எடுங்கள். ஒரே கீரைக்கு வீட்டுக்கு வீடு வேறு பெயர் வரும். பெயரைக் கேட்டு எழுதுவதை விட, படத்தைக் காட்டி விரலை வைக்கச் சொல்வது பாதுகாப்பு.

ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை நிறுங்கள்: வாங்கியபடி, ஆய்ந்து துப்புரவாக்கிய பின், சமைத்த பின். கட்டின் நிறையில் நல்ல பங்கு தண்டாகவும் பழுத்த இலையாகவும் கழிந்துவிடும். “ஒரு கட்டுக் கீரை” என்று ஆட்கள் சொல்வதைக் கிராமாக மாற்ற இந்த எண்கள்தான் உங்கள் கையிலுள்ள சாவி. மழைக் காலத்தில் கட்டு சிறுத்து விலை ஏறும், ஆகவே இந்த நிறுவையை இரண்டு பருவத்திலாவது செய்யுங்கள்.

அடுத்தது சோற்றுப் பார்சல். கொழும்பில் வேலைக்குப் போகும் பலருக்கு மத்தியானச் சாப்பாடு அதுதான், அதைச் சமைத்தவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. சில கடைகளில் வெவ்வேறு கிழமை நாட்களில் பார்சல் வாங்கி, தாளைப் பிரித்து, சோறு, பருப்பு, மரக்கறி, மீன், மல்லுங் என்று கரண்டியால் ஒதுக்கி ஒவ்வொன்றையும் நிறுங்கள். மல்லுங் சோற்றின் ஓரத்தில் ஒட்டி, பருப்புக் குழம்பில் நனைந்து, பார்வைக்குக் கைப்பிடியளவாகத் தெரியும். தராசில் வைத்தால்தான் அது எவ்வளவு சொற்பம் என்று புரியும். பேட்டியில் “பார்சலில் மல்லுங் இருந்தது” என்று ஒருவர் சொன்னால் வீட்டுச் சமையலின் அளவை அதற்குப் போட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் விடுபடுபவை வேறு சில. வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடப்படுவதால் சமைத்த கீரைகளோடு சேர்க்காமல் தனி வரியில் வையுங்கள். முட்டையில் லூட்டின் கொஞ்சம்தான் என்றாலும், மஞ்சட்கருவின் கொழுப்போடு இருப்பதால் நன்றாக உறிஞ்சப்படும். அதனால் ரோல்ஸ், கொத்து, முட்டையப்பம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் முட்டையையும் பிடியுங்கள். விற்றமின் ஏ உங்கள் கேள்வியில் இருந்தால் பால்மா, மாஜரின் லேபல்களைப் பாருங்கள், அதில் சேர்த்திருப்பார்கள். கர்ப்பிணித் தாய்க்குக் கொடுத்த திரிபோஷா என்ற சத்துமா வீட்டில் எல்லோர் வாய்க்கும் போவதும் உண்டு.

5. கூட்டமைப்பு அட்டவணை: பச்சையா, சமைத்ததா?

புதியவர்களின் கணக்கு அதிகமாகப் பிழைப்பது இந்த இடத்தில். ஆகவே மெதுவாகப் போவோம்.

எந்த உணவில் எந்தப் போசணைப் பொருள் எவ்வளவு என்று தருவதே கூட்டமைப்பு அட்டவணை. முதலில் எந்த அட்டவணை? பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் உணவுக் கூட்டமைப்பு அட்டவணையைச் சக்தி, புரதம் போன்றவற்றுக்கு எடுங்கள். லூட்டினையும் சியாசாந்தினையும் தனித்தனியே தரும் அட்டவணை வேண்டுமென்றால், ஹைதராபாத் தேசிய போசணை நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூட்டமைப்பு அட்டவணை கைகொடுக்கும், நம்முடைய கீரைகள் பல அதில் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவுத்தளம் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. ஒரு உணவுக்குத் தனி எண்ணும் இன்னொரு உணவுக்குக் கூட்டிய எண்ணும் ஒரே நிரலில் வந்தால் பின்னர் யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பெறுமானத்துக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது, பச்சையா சமைத்ததா, பிரதியீடா (அட்டவணையில் இல்லாததால் ஒத்த வேறு உணவின் பெறுமானமா) என்று மூன்று குறிப்பு நிரல்கள் வையுங்கள்.

இனிச் சமையல் கணக்கு. ஒரு வீட்டில் ஆய்ந்த பொன்னாங்காணி 200 கிராம் என்று வையுங்கள். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வறை முடிந்து சட்டியில் இருப்பது 250 கிராம். வீட்டுக்காரம்மா தன் தட்டில் போட்டது 50 கிராம். அது சட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே அவர் சாப்பிட்டது 40 கிராம் பச்சைக் கீரைக்குச் சமன். பச்சைக் கீரையின் பெறுமானத்தை இந்த 40 கிராமுக்குப் பெருக்கி, அதன் பிறகு சமையலில் எஞ்சும் வீதத்தால் ஒரு தடவை பெருக்கவேண்டும்.

பலர் செய்வது 50 கிராமை அப்படியே பச்சைப் பெறுமானத்தால் பெருக்குவது. கணக்கு நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். கீரைச் சொதியில் இந்தப் பிழை இன்னும் மோசம். ஓர் அகப்பைச் சொதியில் பெரும்பகுதி தேங்காய்ப்பாலும் தண்ணீரும்தான். அந்த நிறை முழுவதையும் கீரை என்று போட்டால் ஆள் ஒரே வேளையில் ஒரு கட்டுக் கீரை தின்றதாகக் கணக்கு வரும். மாறாக, சமைத்த உணவின் பெறுமானத்தை எடுத்துவிட்டு அதன் மேலும் எஞ்சும் வீதத்தைப் பெருக்கினால் இழப்பை இரண்டு தடவை கழித்ததாகிவிடும்.

சமையலில் சேர்ந்த தேங்காயையும் எண்ணெயையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். லூட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பில்லாமல் அவித்த கீரையில் உள்ள லூட்டினும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரையில் உள்ள லூட்டினும் உடலுக்குள் ஒரே அளவில் போகாது. இப்போது அந்த வேறுபாட்டைப் பகுப்பாய்வில் பயன்படுத்தாவிட்டாலும், பிறகு தேவைப்படும்போது திரும்பிப்போய்க் கேட்க முடியாது.

விற்றமின் ஏ கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய ரெட்டினோல் செயற்பாட்டுச் சமவலு முறையில் உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினோலுக்குச் சமன். பழைய முறையில் 6 மைக்ரோகிராம் போதும் என்று எடுத்தார்கள். இரண்டு காலத்து அட்டவணைகளைக் கலந்தால் கீரை, பப்பாசி, பூசணி எல்லாம் சில வரிகளில் இரட்டிப்பாகத் தெரியும்.

6. நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்கும் கலை

நேற்றைய 24 மணி நேர உணவைக் கேட்பதற்கு ஐந்து சுற்று முறை ஒன்று இருக்கிறது. முதலில் ஆளை மறிக்காமல் பட்டியல் சொல்லவிடுவது, பிறகு மறந்தவற்றைக் கிளறுவது, நேரமும் இடமும் கேட்பது, அளவையும் சமைத்த விதத்தையும் கேட்பது, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது. புதியவர்கள் முதல் சுற்றிலேயே அளவு கேட்கத் தொடங்குவார்கள். ஆள் கரண்டியை எண்ணும் யோசனையில் இறங்கிவிடுவார், பின்னேரம் சாப்பிட்ட வடை மனதை விட்டுப் போய்விடும்.

நன்றாகப் போகும் பேட்டி இப்படி இருக்கும்:

“நேற்று விடிய எழும்பினதிலயிருந்து என்ன சாப்பிட்டீங்கள், குடிச்சீங்கள் எண்டு சொல்லுங்கோ அம்மா. அளவு ஒண்டும் இப்ப வேண்டாம்.”

“என்னத்தைச் சொல்ல பிள்ளை, காலமை பாண், மத்தியானம் சோறும் கறியும், இரவு இடியப்பம்.”

“சோத்தோட என்ன கறியெல்லாம் வச்சீங்கள்?”

“பருப்பு, கத்தரிக்காய், ஒரு வறை.”

“வறை என்னத்தில?”

“பொன்னாங்காணி.”

“நீங்கள் எவ்வளவு போட்டீங்கள்? இந்தக் கரண்டியால காட்டுங்கோவன்.”

“அவருக்கும் பிள்ளையளுக்கும் போட்டிட்டு, மிச்சம் ஒரு வாய்தான் நான் சாப்பிட்டன்.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு பொறுமையும். சமைத்த கீரையை ஆட்களின் எண்ணிக்கையால் பங்கிட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு நான்கில் ஒரு பங்கு விழுந்திருக்கும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் தட்டை அவரிடமே கேட்கவேண்டும்.

மாறாக “கீரை சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓம் ஓம், ஒவ்வொரு நாளும்” என்று பதில் வரும். படித்த பிள்ளை முன்னால் கீரை சாப்பிடவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதே காரணத்துக்காக, பேட்டிக்கு இடையில் “அது கண்ணுக்கு நல்லது அம்மா” என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். ஆய்வின் பெயரைத் தகவல் தாளில் எழுதும்போதும் “கீரையும் கண்ணும்” என்று போடாமல் “உணவுப் பழக்கமும் கண் நலமும்” என்று பொதுவாக வையுங்கள்.

கரண்டி, அகப்பை, கோப்பை, தட்டு எல்லாம் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் முடிந்தால் அந்த வீட்டுக் கரண்டியையே வாங்கி அதில் தண்ணீர் நிரப்பி அளவு பாருங்கள். அகப்பைக்கு நியம அளவு ஒன்றும் கிடையாது.

பேட்டி எடுப்பவர் யார் என்பதும் முக்கியம். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண் ஒருவரைத் தனியே அனுப்பினால் வாசலோடு பேட்டி முடிந்துவிடும். சாப்பாட்டு விடயத்தில் வீட்டு ஐயா முந்திக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினால், அவருக்கென்று தனியாக ஒரு வினாத்தாளைக் கொடுத்து மரியாதையாக வேறு பக்கம் இருத்துங்கள். மாத்திரை பாவிக்கிறீர்களா என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். “வீட்டில இருக்கிற குளிசை, சத்து மருந்து எல்லாத்தையும் ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ” என்று கேட்டால் ஒரு பையே வரும். அதில் வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பிய பல்விற்றமின் போத்தலும் இருக்கும். அந்த லேபலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குளிசையில் உள்ள லூட்டின் சிலருக்கு உணவில் கிடைப்பதைத் தாண்டிவிடும்.

7. எந்த நாட்களைக் கேட்பது?

கீரை ஒருநாள் நிறையவும் அடுத்த மூன்று நாள் இல்லாமலும் வருவது. சோறு போல நாளாந்தம் ஒரே அளவில் வருவதில்லை. ஆகவே ஒரேயொரு நாளை வைத்து ஒருவரின் வழமையான லூட்டின் அளவைச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களாவது கேட்டு, புள்ளிவிபர முறையால் நாளுக்கு நாள் மாறுபாட்டைக் கழித்தால் குழுவின் பரம்பலைச் சொல்லலாம். தனியாட்களை வரிசைப்படுத்தித் தொடர்பு பார்ப்பதற்கு, ஒவ்வோர் உணவையும் எத்தனை தடவை சாப்பிடுகிறார் என்று கேட்கும் உணவு நிகழ்வெண் வினாக்கொத்தும் தேவை. கண்ணிலுள்ள நிறமி மாதக்கணக்கில் மெதுவாக மாறுவது. எனவே கடந்த ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் பற்றிக் கேட்கும் வினாக்கொத்துத்தான் அதனோடு காலத்தால் பொருந்தும். 24 மணி நேரப் பேட்டியை அந்த வினாக்கொத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துத்தான் பேட்டி நாளைப் போடவேண்டும். சைவ வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மரக்கறி. சனிக்கிழமை காலையில் மட்டும் போய்க் கேட்டால் எல்லோரும் மரக்கறிக்காரர்களாகத் தெரிவார்கள். கந்தசஷ்டி, நவராத்திரி, ஆடிவேல், கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம், முஸ்லிம் வீடுகளில் றமழான் எல்லாம் சாப்பாட்டை மாற்றும். றமழானில் “நேற்று” என்பது எங்கே தொடங்குகிறது என்று முதலே தீர்மானிக்காவிட்டால் விடியமுன் சாப்பிடும் சஹர் சாப்பாடு ஒன்றில் இரண்டு தடவை வரும், அல்லது காணாமல் போகும். விரத நாட்களை ஒதுக்குவதா சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு, ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும்.

8. இப்போதுதான் கண்

நிறமி அடர்த்தியை அளக்க மினுங்கல் ஒளிமானி முறை பரவலாகப் பயன்படுகிறது. நீல ஒளியும் பச்சை ஒளியும் மாறி மாறி மினுங்கும், பார்ப்பவர் மினுங்கல் அடங்கும் வரை அளவை மாற்றுவார். மஞ்சட் பொட்டு நிறமி 460 நானோமீற்றர் அளவிலுள்ள நீல ஒளியை உறிஞ்சுவதால், நிறமி அடர்த்தியானவருக்கு மையத்தில் அதிக நீலம் தேவைப்படும். அதே பரிசோதனையைப் பார்வையின் ஓரத்திலும் செய்து வித்தியாசத்தை எடுப்பார்கள்.

இது ஆளின் பதிலில் தங்கிய சோதனை. விளக்கம் தமிழில், அவர் பேசும் பாணியில் இருக்கவேண்டும், பழகிப்பார்க்க ஒரு சுற்று கொடுக்கவேண்டும். வயதானவர்கள் களைத்துப்போனால் கிடைக்கும் எண்ணுக்குப் பெறுமதி இல்லை. ஆகவே நீண்ட உணவுப் பேட்டியையும் இதையும் ஒரே அமர்வில் அடைக்காதீர்கள். கண்ணை அளப்பவருக்கு அந்த ஆளின் உணவுத் தரவு தெரியக்கூடாது என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

விழித்திரையைப் படம்பிடிக்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவதானால், அதைக் கண் வைத்தியரின் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும். கண்ணுக்குள் திரவம் வடியும் கோணம் ஒடுங்கியவருக்கு அது ஆபத்து. விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். மோட்டார் சைக்கிளில் வரவேண்டாம், துணைக்கு ஒருவரோடு வாருங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று முதல் நாளே ஃபோனில் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வந்த பிறகு சொன்னால் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

9. இரத்தம் எடுப்பதானால்

பணம் போதாவிட்டால் இந்தப் படியை விடலாம், உணவை நன்றாக அளந்த ஆய்வு இரத்தம் இல்லாமலும் நிற்கும். எடுப்பதானால், லூட்டின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஒட்சிசனிலும் சிதையும் என்பதை மனதில் வைத்து முழு வழியையும் திட்டமிடுங்கள். குழாயை அலுமினியத் தாளால் சுற்றி, மங்கல் வெளிச்சத்தில் சீரத்தைப் பிரித்து, மறை 80 பாகை செல்சியசில் வையுங்கள். மட்டக்குளியிலிருந்து காலி வீதி நெரிசலில் ஐஸ் பெட்டியோடு வாகனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வெற்றுக் குழாய்களோடு ஒருநாள் ஓடிப்பாருங்கள். ஆய்வுகூடத்தில் லூட்டினையும் சியாசாந்தினையும் பிரித்துக் காட்டும் சி-30 நிரல் (ஆய்வுகூடப் பிரிப்புக் கருவியில் பொருத்தும் குழாய்) உண்டா என்று மாதிரி அனுப்ப முன்பே கேளுங்கள்.

இரத்தக் கொலஸ்ட்ரோலையும் அதே நாளில் அளந்துவிடுங்கள். கரோட்டினொயிட்டுகள் கொழுப்புப் புரதங்களில் ஏறித்தான் பயணம் செய்கின்றன, ஆகவே கொலஸ்ட்ரோல் கூடியவருக்கு லூட்டினும் கூடத் தெரியலாம். ரெட்டினோலை அளப்பவர்கள் சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறிகாட்டியையும் சேர்க்கவேண்டும், காய்ச்சல் தடிமன் இருக்கும்போது ரெட்டினோல் தற்காலிகமாக இறங்கும்.

10. பகுப்பாய்வில் மறக்கக்கூடாதவை

அதிகம் சாப்பிடுபவர் எல்லாவற்றையும் அதிகம் சாப்பிடுகிறார். ஆகவே மொத்தச் சக்திக்குச் சீர்செய்யாமல் லூட்டினைப் பார்த்தால், கீரைப் பிரியரும் பெருந்தீனிக்காரரும் ஒன்றாகிவிடுவார்கள். வயது, புகைத்தல், வெற்றிலை, நீரிழிவு, உடற்பருமன், வெயிலில் வேலை ஆகியவற்றைத் தரவு சேர்க்கும்போதே கேட்டிருக்கவேண்டும். லூட்டின் கொழுப்பிழையத்தில் சேர்வதால் உடற்பருமன் தனியாகவே முடிவை இழுக்கும்.

இன்னொன்று, கண்ணில் கோளாறு என்று ஏற்கெனவே தெரிந்தவர் கீரை சாப்பிடத் தொடங்கியிருப்பார். அப்படிப்பட்டவர்களைக் கலந்தால் கீரை தின்றவருக்குத்தான் நோய் என்று தலைகீழாக வரும். “கண்ணுக்காகச் சாப்பாட்டை மாற்றினீர்களா, எப்போது?” என்று ஒரே ஒரு கேள்வி வினாக்கொத்தில் இருந்தால் இதைப் பிரித்துவிடலாம். பெரும்பாலான வினாக்கொத்துகளில் அது இல்லை.

11. எழுதுவதும் திருப்பிச் சொல்வதும்

உணவையும் கண்ணையும் ஒரே காலத்தில் அளக்கும் இப்படிப்பட்ட குறுக்குவெட்டு ஆய்வில் கிடைப்பது தொடர்பு மட்டும். “பாதுகாக்கிறது”, “தடுக்கிறது” என்ற வினைச்சொற்களை வரைவில் தேடி வெட்டுங்கள். உணவு அவதானிப்பு ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப்-நட் பட்டியலை எழுதத் தொடங்க முன்பே எடுத்து வைத்தால், எந்த அட்டவணை, எந்த எஞ்சும் வீதம், எந்தக் கரண்டி என்றெல்லாம் நீங்கள் குறித்துவைத்த விடயங்களுக்கு இடம் தானாகக் கிடைக்கும்.

பங்குபற்றியவர்களுக்கு முடிவைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் கொடுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் “நான் எந்தக் குளிசை போடலாம்?” என்றுதான். அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலையல்ல, கண் வைத்தியரின் வேலை. முக்கியமாக, புகைபிடிப்பவரும் முன்னர் பிடித்தவரும் பீற்றா கரோட்டின் அதிகமுள்ள குளிசையைத் தாங்களாகப் போடக்கூடாது, அவர்களில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்துக் கூடுவது பெரிய ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஏரெட்ஸ்-2 இல் அதற்குப் பதிலாக லூட்டினைப் பரீட்சித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிசோதனையில் நீரிழிவுப் பாதிப்போ வேறு கோளாறோ தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்பதை முதல் ஆளைச் சேர்க்க முன்பே கிளினிக் ஒன்றோடு பேசி எழுதிவைத்திருக்கவேண்டும். பேட்டிக்குப் போன வீட்டில் ஒருவர் திடீரென்று கண்ணில் மின்னல் அடிக்கிறது, கரும்புள்ளிகள் நிறைய மிதக்கின்றன, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால், வினாக்கொத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே அவரைக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள அரச வைத்தியசாலைக் கண் பிரிவுக்கோ அனுப்புங்கள். விழித்திரை கழன்றுகொண்டிருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க முடியாது.